கண்ணை மூடிப் பார்ப்பவர்

அன்பு மகள் மார்னிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? கோதுமை அறுத்த வயலில் மன்றத்துக்காரர்கள் மறுபடி மாதிரி ராக்கெட் விடத் தொடங்கிவிட்டார்கள். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. ஃபோனில் சொன்னால் உன் அப்பா காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு ராக்கெட் மேலே கிளம்பியதும் சிறகு பிய்ந்து, திரும்பி, கார்கள் நின்ற பக்கம் பாய்ந்தது. ஒரு பிக்கப் வண்டியின் கண்ணாடி நொறுங்கியது. பக்கத்திலேயே கைக்குழந்தையோடு ஒருத்தி நின்றிருந்தாள். அந்த ராக்கெட்டைச் சோதித்து அனுப்பியவர் உன் அப்பாதான். 'காத்துடி, காத்து. கான்சாஸ் காத்த நான் என்ன கயிறு போட்டா கட்டுறது?' என்று சிரித்தார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நானும்தான்.

பிறகு ஒரு நாள் அதே ராக்கெட்டுக்குப் புதுச் சிறகு ஒன்றை மெல்லிய பால்சா மரப் பலகையில் வெட்டி, உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைப் பலகை சிவந்துகொண்டே வந்தது. விரல் நுனியில் தோல் போய் ரத்தம் வழிகிறது; மனிதர் பேஸ்பால் வர்ணனை கேட்டபடி தேய்த்துக்கொண்டே இருக்கிறார். நான் கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தார். சர்க்கரை அவர் விரல்களில் உணர்ச்சியே இல்லாமல் செய்துவிட்டது, மார்னி. டாக்டரிடம் போகலாம் என்றால், 'தோலு தடிச்சுப்போச்சு, அவ்வளவுதான். சும்மா நச்சரிக்காத ட்வைலா' என்கிறார்.

சிறகைச் சோதிக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வாரே, 'கண்ணு ஏமாந்துடும், விரலு ஏமாறாது' என்று உனக்கும் அப்படித்தானே பழக்கினார். அதனால் நான் ஒரு வேலை செய்தேன். ஒரு ராக்கெட்டில் சிறகை இரண்டே சொட்டுப் பசையில் நிறுத்தி அவரிடம் நீட்டினேன். கண்ணை மூடி, பிடித்து அசைத்தார். ஆடும் பல்போல அது ஆடியதை நான் பார்த்தேன். 'அடேங்கப்பா, நீயா ஒட்டின? இரும்பு மாதிரி நிக்குதே!' என்றார். அடுக்களைக்குள் நுழைவதற்குள் அந்தச் சிறகு என் கையோடு வந்துவிட்டது. ஏப்ரன் பையில் ஒளித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பள்ளிப் பிள்ளைகள் தாங்களே ஒட்டிய ராக்கெட்டுகளோடு வருகிறார்கள். எல்லாம் உன் அப்பா கைபட்டுத்தான் மேலே போகும். மற்றவர்களிடம் சொன்னால் சோதனை மேசையிலிருந்து அவரை எழுப்பிவிடுவார்கள். அதன்பின் அவர் என்ன ஆவார் என்று நினைக்கவே பயம். சொல்லாவிட்டால், அந்தப் பிள்ளைகளை நினைத்துப் பயம்.

நேற்று அவராகவே, 'மார்னிய வரச் சொல்லேன். மேசைக்கு ஒரு ஆள் கொறையுது' என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

வந்துவிடு கண்ணே. அவர் பக்கத்தில் நின்று, அவர் பார்த்துத் தரும் ஒவ்வொன்றையும் நீயும் ஒருமுறை அசைத்துப் பார். வெள்ளிக்கிழமைக்குள் நீ வராவிட்டால், நானே போய் எல்லோரிடமும் சொல்லிவிடுவேன்.

வந்ததும் உன் கையைப் பிடிப்பார். எவ்வளவு அழுத்துகிறோம் என்று அவருக்குத் தெரிவதில்லை. வலித்தாலும் கையை இழுத்துக்கொள்ளாதே.

ஆண்டவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அம்மா,
ட்வைலா