பீப்பாய்களை எடுத்த மாதம்

ஜூலை 2

ஆற்று நடுவில் புதிதாக முளைத்திருக்கும் மணல்திட்டில் இன்று ஒரு அட்டையை நட்டுவிட்டு வந்தேன். 'நீச்சல் குளம். ஆழம்: செருப்பு வரை. மூழ்கினால் நிர்வாகம் பொறுப்பல்ல.' கரையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் படகைத் திருப்பிக்கொண்டு போய் அட்டையைப் பிடுங்கி வந்தாள்.

"ஆத்தைக் கிண்டல் பண்ணாதடி. அது வரும்."

அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போகும் படகை ஓட்டுவது என் அம்மா. என் மதிப்பெண்மேல் இல்லாத நம்பிக்கை அவளுக்கு இந்த ஆற்றின்மேல் உண்டு.

ஜூலை 5

வராவிட்டால்?

ஜூலை 8

அம்மா பீப்பாய்களை எடுத்துவிட்டாள். ஆழமான தடம் எது என்று தெரிவதற்காகக் கோடையில் நீலப் பீப்பாய்களைக் கயிறு கட்டி மிதக்கவிடுவாள். ஜூலையில் புதுவெள்ளம் அடித்துக்கொண்டு போவதற்குள் கரையேற்றிவிடுவாள். வருஷா வருஷம் இதே வாரம்தான். இந்த வருஷம் வெள்ளமும் இல்லை, அதன் விலாசமும் இல்லை. ஆனாலும் எடுத்தாள்.

ஆற்றை அளக்கும் அலுவலகத்து அக்கா படித்துறைக்கே வந்து சொல்லிப் பார்த்தாள். (நான் வைத்த பெயர் 'அளவுகோல்'. ஆளும் அப்படித்தான், நெட்டை.)

"கடல் சூடாகிற வருஷமெல்லாம் இங்க மழை தள்ளிப்போகுதுக்கா. முன்ன எப்பவாவது நடக்கும், இப்ப அடிக்கடி நடக்குது. ஆறு செத்துப்போகல. அதுக்கு மாசம் மாறிப்போச்சு. பீப்பாய விட்டுவைங்க."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து நான் இதுல ஓட்டறேன், தெரியுமா?"

"எங்க ஆபீஸ்ல அதுக்கும் முன்னாடியிருந்து அளவு இருக்குக்கா."

நான் களுக்கென்று சிரித்துவிட்டேன். அம்மா பார்த்த பார்வையில் ஒரு வாளித் தண்ணீர் கொதித்திருக்கும். அதற்கும் ஆற்றில் தண்ணீர் வேண்டுமே.

ஜூலை 11

செருப்பில் இன்னும் ஆற்று மணல்.

காலையில் பள்ளிப் பிள்ளைகளோடு போன படகு மணலில் ஏறிவிட்டது. நானும் அதில்தான் இருந்தேன். தடால் என்று ஒரு சத்தம் — எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர். ஒரு சின்னப் பையனுக்கு உதடு கிழிந்து ரத்தம். பீப்பாய் மிதந்திருந்தால் அம்மா அந்தப் பக்கம் திருப்பியே இருக்கமாட்டாள். எஞ்சின் உறுமுது, உறுமுது, படகு நகரல. கடைசியில் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்தே கரை சேர்ந்தோம்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "நடந்த தூரத்துக்கு டிக்கெட் காசு வாபஸ்!" என்று கத்தினேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. திரும்பிப் பார்த்தால், அம்மா இறங்கவே இல்லை. நகராத படகில் சுக்கானைப் பிடித்தபடி நிற்கிறாள்.

ஏன்டி உனக்கு இந்த வாய்?

ஜூலை 12

வீட்டில் இன்று அப்பாவின் தையல் மெஷின் மட்டும்தான் பேசியது.

ஜூலை 20

மலையடிவாரத்தில், வேறொரு ஆற்றின் அணையில் சுற்றுலாப் பயணிகளுக்குப் படகு ஓட்ட ஆள் கேட்டிருக்கிறார்கள். சொந்தப் படகோடு வந்தால் ஒரு வருஷ ஒப்பந்தம். நடுவில் விட்டுவிட்டு வந்தால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"போய்ட்டு வா. வீட்ட நான் பாத்துக்கறேன்," என்றார் அப்பா.

"போறேன். ஆனா இங்க தண்ணி ஏறுச்சுன்னா அன்னிக்கே கிளம்பி வந்துடுவேன். ஒப்பந்தமாவது, ஒண்ணாவது."

இதுதான் என் பயமே. சொன்னால் செய்கிறவள். வந்துவிடுவாள். தண்ணி திரும்ப இறங்கிடுச்சுன்னா? அங்கே வேலை இருக்காது, இங்கே ஆறு இருக்காது. அம்மாவை யார் தேற்றுவது? நானா? நல்லா தேத்துவேன்!

ஆகஸ்ட் 3

படகு லாரியில் ஏறிப் போனது. 'படகுக்குச் சக்கரம் முளைச்சிடுச்சு' என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அக்டோபர் 14

ஆறு வந்துவிட்டது!

இங்கே ஒரு தூறல்கூட இல்லை. மேலே எங்கேயோ கொட்டியிருக்கிறது. படித்துறையின் மேல்படி வரை தண்ணீர், மணல்திட்டைக் காணோம். ஊரே வேடிக்கை பார்க்கிறது. அளவுகோல் அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அளக்கிறாள்.

"எத்தனை நாளைக்கு நிக்கும்க்கா?"

"தெரியலடி. இந்த மாசத்துல இவ்வளவு வந்து நான் பாத்ததே இல்ல."

அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அம்மாகிட்ட இப்பச் சொல்லாத."

அக்டோபர் 15

அம்மாவின் போன். எடுக்கவில்லை. புளுகுவதில் நான் ஊரறிந்த கில்லாடி. இந்த ஒரு புளுகு மட்டும் வாயில் வரவே மாட்டேன் என்கிறது.

அக்டோபர் 16

மறுபடியும் அடித்தது. எடுத்தேன்.

"நேத்து ஏன்டி எடுக்கல?"

"தூங்கிட்டேன்."

"சாயங்காலத்துலயா? சரி, தண்ணி எப்படி இருக்கு?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். மேல்படி வரைக்கும் என்று.

அந்தப் பக்கம் எஞ்சின் அணைந்தது. போச்சு. கிளம்பிட்டா. இப்பவே லாரிக்குச் சொல்லிடுவா —

"அம்மா, வந்துடாதம்மா..."

"இந்த மாசத்துலயா வந்திருக்கு?"

"ஆமாம்மா."

பின்னால் யாரோ ஒரு குழந்தை, 'எப்ப போவோம், எப்ப போவோம்' என்று நச்சரித்துக்கொண்டிருந்தது.

"மாசம் மாறிப்போச்சுன்னு அந்த அளக்கற பொண்ணு அன்னிக்கே சொன்னா. பாக்க நல்லா இருக்கா?"

"இருக்கும்மா. ரொம்ப."

"அப்ப போய் எனக்கும் சேத்துப் பாரு. இங்க ஆளுங்க ஏறி உக்காந்துட்டாங்க."

எஞ்சின் சத்தம் திரும்பவும் கேட்டது.