ஆஞ்சியோகிராம் வாசலில் விளக்கிச் சொல்ல ஆளில்லாத ஒப்புதல் படிவம்

அனுப்புநர்:
சு. அப்பாதுரை (வயது 61),
தோல் பதனிடும் தொழிலாளி (ஓய்வு),
பல்லாவரம்.

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவ நலப் பணிகள்,
செங்கல்பட்டு மாவட்டம்.

பொருள்: ஆஞ்சியோகிராம் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் தருதல், விளக்கிச் சொல்ல ஒருவரை அமர்த்துதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி பேபி (56) சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். ஜூன் மாதம் முதல் ரயில் நிலையப் படிக்கட்டில் இரண்டு இடத்தில் நின்றுதான் ஏறினார். வாயு என்றார். நானும் ஓமம் வாங்கிக் கொடுத்தேன்.

2. தாம்பரம் அருகேயுள்ள மருத்துவமனையில் (பெயர் இணைப்புச் சீட்டில் உள்ளது) இ.சி.ஜி. பார்த்த மருத்துவர், இதய ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம், ஆஞ்சியோகிராம் செய்தால்தான் தெரியும் என்றார். ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை அன்று போனோம்.

3. பரிசோதனை அறை வாசலில் ஊழியர் ஒருவர் ஆங்கிலப் படிவத்தைத் தந்து கையெழுத்துக் கேட்டார். எனக்கு ஆங்கிலம் தெரியாது. பக்கத்திலிருந்தவர் எழுத்துக்கூட்டிப் பார்த்து, உயிருக்கு ஆபத்து வரலாம் என்று போட்டிருப்பதாகச் சொன்னார். ஊழியரிடம் கேட்டேன். எல்லோருக்கும் இதே தாள்தான், பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்றார். மருத்துவரைப் பார்க்க முடியவில்லை.

4. நான் கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை பேபி பார்த்துவிட்டார். "உனக்கு பயமா கீதுன்னா வா, வூட்டுக்குப் போவலாம்" என்றார். அவருக்குப் போக மனமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இருந்தும் அழைத்து வந்துவிட்டேன். நாங்களாகவே போகிறோம் என்று எழுதித் தரச் சொன்னார்கள். அதை மட்டும் தமிழில் எழுதலாம் என்றார்கள்.

5. ஆகஸ்ட் 31 காலை, துணி காயப்போடும்போது பேபி சரிந்து விழுந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது. அந்தப் பத்தொன்பது நாளில் மருத்துவமனையிலிருந்து ஒரு போன் வரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.

6. பிறகு இ.சி.ஜி. தாள்களை வாங்கப் போனபோது, ஏஞ்சல் என்ற செவிலியர் என்னை உட்காரவைத்துப் பேசினார். மணிக்கட்டை மரத்துப்போகச் செய்து, மெல்லிய குழாய் வழியாக மருந்து செலுத்திப் படம் எடுப்பார்கள். நோயாளி விழித்தே இருப்பார். ஆபத்து உண்டு, ஆனால் அரிது என்றார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அன்றே இதைக் கேட்டிருந்தால் பேபியை உள்ளே அனுப்பியிருப்பேன்.

7. யாரையும் தண்டிக்கக் கேட்கவில்லை. அழைத்து வந்தவன் நான்தான். படிவம் தமிழில் வேண்டும். கையெழுத்துக்கு முன் விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டும். மறுத்துப் போனவர்களை மறுநாளே போனில் அழைத்துப் பேச வேண்டும். வரும் செவ்வாய்க்கிழமையும் யாரோ ஒருவர் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு வாசலில் விழிப்பார். அவர் திரும்பிப் போய்விடும் முன் தாங்கள் ஆவன செய்யுமாறு பணிந்து வேண்டுகிறேன்.

இடம்: பல்லாவரம்
நாள்: 06.10.2025

இப்படிக்கு,
சு. அப்பாதுரை

இணைப்பு: மருத்துவமனைச் சீட்டு, இ.சி.ஜி. நகல், இறப்புச் சான்றிதழ் நகல்.