ஒவ்வொரு விதிக்கு அடியிலும் ஓர் ஆள்

உன் மகள் அனுப்பிய தபால் நேற்றுக் காலை வந்தது. உள்ளே நம் கல்லூரியின் பழைய விதிப் புத்தகம். உள்ளங்கை அளவு, நீல அட்டை, மூலையில் எண்ணெய்க் கறை. மேல்கோட்டையிலிருந்து நீ கொண்டுவரும் புளியோதரைப் பொட்டலத்தை இதன் மேல் வைத்துத்தானே பிரிப்போம்? முகர்ந்து பார்த்தேன். வாசனை போய் எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும், ஆனால் என் மூக்கு அதை ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பா கடைசிவரை மேஜையிலேயே வைத்திருந்தார். உங்கள் பெயர் உள்ளே இருக்கிறது" என்று மகள் ஒரு சீட்டு எழுதியிருந்தாள்.

சுதந்திரம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்த மைசூர். விடுதியில் சேர்ந்த அன்று எல்லோரும் அந்த வருஷத்து விதிப் புத்தகத்தைத் திறக்காமலே "படித்து ஒப்புக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போட்டோம். நீ மட்டும் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தாய்.

"கொசுவலைக்குள்ள ஸ்டவ் பத்தவைக்கக் கூடாதாம்டா. அப்போ எவனோ பத்த வச்சிருக்கான்! ஒவ்வொரு ரூலுக்கு அடியிலயும் ஒரு ஆசாமி இருக்கான், பாத்துக்கோ."

"எவனா இருந்தா நமக்கென்னடா? போயி பாடத்தைப் படி" என்றேன். நீ கேட்கிற ஆளா? இரண்டு நாள் சமையற்கட்டில் விசாரித்து, வலைக்குள் உட்கார்ந்து காப்பி போட்டவனின் பெயர், ஊர், கருகிப்போன மீசைவரை கண்டுபிடித்து வந்தாய். ஒரு விதியில் மட்டும் உன் விளையாட்டு நின்றது. அவரவர் சாதிக்கு ஒதுக்கிய பந்தியில்தான் சாப்பிட வேண்டும் என்ற விதி அது. "இதுக்கு அடியில எங்க தாத்தா மாதிரி நூறு பேர் இருப்பா" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினாய். அன்றிலிருந்துதான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு என்னோடு ஒரே பொட்டலத்தில் சாப்பிட ஆரம்பித்தாய்.

இரண்டாம் வருஷம் பொங்கலுக்கு என் ஊர் ஹனூருக்குப் போன என்னைக் குளிர்காய்ச்சல் படுக்கையில் தள்ளிவிட்டது. மலேரியா. எழுந்து நடக்க ஒரு மாதம் ஆயிற்று. திரும்பி வந்தால் வருகைப் பதிவு போதவில்லை, பரீட்சை எழுத முடியாது என்றார்கள். எங்கள் ஊர் ஆஸ்பத்திரி டாக்டரின் சர்டிபிகேட்டை நீட்டினேன். ஆபீஸ் குமாஸ்தா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆகொல்லப்பா" என்று திருப்பிக் கொடுத்தார். ஆகாதாம். மைசூர் ராஜ்யத்து டாக்டர் கையெழுத்துதான் செல்லும் என்பது விதி. ஹனூரோ அப்போது மதராஸ் ராஜ்யத்தில், கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "ஒரு வருசம் போச்சுன்னா வந்து ஏரைப் புடிச்சுக்கோ" என்று அப்பா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். மண்டி மொஹல்லாவில் கேட்ட தேதிக்கு எழுதித் தருகிற டாக்டர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கிளம்பினேன். நீ என் செருப்பை ஒளித்துவைத்துவிட்டாய். "பொய் சர்டிபிகேட் வாங்கினா நீயும் ஒரு ரூலுக்கு அடியில போயிடுவே. இரு, இந்த ரூலுக்கு அடியில யார்னு பாத்துட்டு வரேன்."

எனக்கு ஆத்திரம். என் படிப்பு போகிறது, உனக்குக் கதை வேண்டியிருக்கிறதா என்று கத்தினேன். நீ நேரே ஆபீசுக்குப் போய் அதே குமாஸ்தாவிடம் கேட்டாய். "நங்கூ கொத்தில்லப்பா" என்றாராம், தனக்கும் தெரியாதென்று. தெரியாதது அவரையும் அரித்திருக்க வேண்டும். மறுநாள் பழைய காகிதக் கட்டைப் பிரித்துத் தேடி எடுத்தார். என்றோ ஒரு மாணவன் மைத்துனன் கல்யாணத்துக்குப் போய், மதராஸ் டாக்டரிடம் காய்ச்சல் என்று எழுதி வாங்கி வந்திருக்கிறான். கல்யாணப் பத்திரிகையும் அந்தக் காகிதத்தோடு குத்தியிருந்தது!

அதைக் கொண்டுபோய்க் காட்டியதும் பிரின்சிபால் சிரித்துவிட்டார். பொய்யனுக்காகப் போட்ட விதி நோயாளியை அடிக்கக் கூடாது என்று என்னைக் கல்லூரி டாக்டரிடம் அனுப்பினார். அவர் சரியென்றால் பரீட்சை, இல்லையென்றால் ஏர். டாக்டர் என் இடது விலாவுக்குக் கீழே விரலை அழுத்தினார். மண்ணீரல் இன்னும் வீங்கியிருந்தது. "இது மதராஸ் மண்ணீரலா, மைசூர் மண்ணீரலா என்று எனக்குத் தெரியாது. மலேரியா வந்தது என்று தெரியும்" என்று கையெழுத்துப் போட்டார்.

தெருமுனையில் திரும்பும்போதே விடுதி மாடியில் உன்னைப் பார்த்தேன். தலையை ஆட்டினேன். நீ தோளிலிருந்த துண்டை உருவி, தலைக்கு மேலே சுழற்றி வீசிக் கூச்சல் போட்டாய். பாவி, அந்த நேரம் பார்த்து யாரோ பெரிய மனிதர் வீட்டுப் பெண்கள் ஜட்காவில் போக வேண்டுமா! புகார் போயிற்று. நீ மன்னிப்பு எழுதிக் கொடுத்தாய்.

அடுத்த வருஷத்துப் புத்தகம்தான் இது. கடைசிப் பக்கத்தில் இரண்டு புது விதிகள். வெளி ராஜ்யத்தில் நோயுற்றவரைக் கல்லூரி டாக்டரே பரிசோதித்துச் சான்று தரலாம். விடுதி மாடியில் நின்று தெருவை நோக்கித் துண்டு வீசக் கூடாது. முதலாவதற்குப் பக்கத்தில் பென்சிலால் என் பெயர், இரண்டாவதற்குப் பக்கத்தில் உன் பெயர்.

பின்னால் ராஜ்ய எல்லைகளை மாற்றியபோது ஹனூரும் மைசூரோடு சேர்ந்தது. "இனிமே உன் மண்ணீரலும் எங்க ஊர்தான்" என்று கார்டு போட்டாயே. நான் பள்ளிக்கூட ஆபீசில் உட்கார்ந்த காலமெல்லாம், லீவு லெட்டர் நீட்டுகிற பிள்ளையிடம் "ரூல் இல்லை" என்று சொல்ல வாயெடுத்தால் உன் கேள்வி குறுக்கே வந்துவிடும். எழுந்துபோய்ப் பழைய கட்டைப் பிரிப்பேன். இன்றும் எந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்தாலும் அடியில் இருக்கும் ஆளைத் தேடுகிறேன். கண்டுபிடித்தால் சொல்ல நீ இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேற்று மாலை மொட்டைமாடிக்குப் போனேன். தெருவில் யாரும் வரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, தலைக்கு மேலே சுழற்றி வீசினேன்.