எனக்குக் கேட்காத குரல்

1936 பிப்ரவரி 9, ஞாயிறு. கடத்தூர்.

ஆராதனை முடிந்ததும் சேலத்திலிருந்து வந்த பாதிரி ஐயர் எல்லோரையும் உட்காரவைத்து, கர்த்தர் உங்களை எப்படி அழைத்தார் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். என் வீட்டுக்காரர் இவர் சொன்னார். பத்தொன்பது வயதில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தபோது, "ராஜப்பா" என்று பெயர் சொல்லி ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் காட்டில் ஒருவரும் இல்லை. மாட்டை அவிழ்த்துவிட்டு மிஷன் பங்களாவுக்கு நடந்தவர், இன்று உபதேசியார். எத்தனை தடவை கேட்டாலும் எனக்குச் சிலிர்க்கும்.

என் முறை வந்தது. "நான் இவரைக் கட்டிக்கிட்டு வந்தேனுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அடுப்படியில் அழுதேன். ஞானஸ்நானம் வாங்கி நாலு வருஷம் ஆகிறது. சென்னம்மாள் என்கிற பெயர் கர்த்தருக்குத் தெரியாதா?

பிப்ரவரி 20

வத்தல்மலைக்குப் போ என்று இவருக்குக் குரல் கேட்டதாம். மறுபடியும்! மிஷனும் சம்மதித்துவிட்டது. "நீ என்ன சொல்ற சென்னம்மா?" என்றார். உங்களைக் கூப்பிட்டிருக்கிறார், இதில் நான் சொல்ல என்ன இருக்கிறது என்றேன்.

இதற்குப் பெயர் பொறாமை. எழுதிவிட்டேன்.

ஜூன் 3. வத்தல்மலை.

இவர் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்கிறார். மலை ஜனங்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டுச் சாமைக் காட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு அவர்கள் சாமி இருக்கிறது. பக்கத்துக் குடிசைச் செல்லி மட்டும் தினமும் வருகிறாள் — பிரசங்கத்துக்கு இல்லை, கால் புண்ணுக்கு மருந்து போட. இரண்டு பிள்ளை பெற்று இரண்டும் தங்கவில்லை அவளுக்கு.

"உங்களுக்கும் இல்லீங்களா அக்கா?" என்றாள்.

இல்லை என்றேன். என் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 16

தேன் எடுக்கப் போகிறவர்கள் பாறைக்குப் பாறை கூவிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் நிமிர்ந்து பார்க்கிறேன். என்ன பைத்தியம்.

அக்டோபர் 28

இவருக்கு மலைக்காய்ச்சல். உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. கொயினா மருந்து தீர்ந்துபோயிற்று. செல்லியின் புருஷன் நாகன் ஆட்களைத் திரட்டி, மூங்கிலில் டோலி கட்டி மலையிறக்கினான். செல்லி பாதி வழி வரைக்கும் வந்தாள். நாங்கள் திரும்பி வருவோமா என்று அவள் கேட்கவில்லை.

டிசம்பர் 19. கடத்தூர்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் ஜெபத்துக்கு உட்காருவதில்லை. இன்று கேட்டே விட்டேன். சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "இப்ப ஒண்ணுமே கேக்கல சென்னம்மா. அன்னிக்கு ஏர் ஓட்டறப்ப கேட்டுதே, அதுகூட நெசமான்னு தெரியல."

ஐயோ. எனக்குக் கேட்காவிட்டாலும் இவருக்குக் கேட்டது என்றுதானே நான் பின்னாலேயே நடந்தேன்? இப்ப நான் எதைப் புடிச்சிக்கிறது?

1937 பிப்ரவரி 4

இவரைப் பாலக்கோட்டுக்கு வாத்தியாராக மாற்றப் போகிறார்களாம். நல்லதுதான். நல்லதுதானா?

மார்ச் 11

நாகன் வந்தான். வாசலில் நின்று, இவரிடம் இல்லை, என்னிடம் சொன்னான்: "செல்லிக்கு இது பேறு மாசங்க. காய்ச்சல் வேற. அக்கா கூட இருந்தா பயமில்லேங்கறா. கூட்டியாரச் சொன்னா."

இவர் எழுந்து வந்துவிட்டார். "நீ என்ன டாக்டரா? அந்தக் காய்ச்சல் உன்னையும் புடிச்சா என்ன பண்ணுவ?"

"தெரியலீங்க. கூப்பிடறா. போயிட்டு வந்துடறேன்."

கொயினா, கிழிந்த புடவைத் துணி, வெல்லம் எல்லாம் கட்டிக்கொண்டேன். பயமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 17. மலை.

பெண் பிள்ளை. ஒரு பகல் இருந்தது. மூச்சு நின்றபோது என் மடியில் இருந்தது. செல்லிக்குக் காய்ச்சல் இறங்குகிறது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதுக்கா என்னை வரவெச்சீங்க ஆண்டவரே? ஒண்ணும் செய்யத் தெரியாதவளை? நான் செய்தது ஜெபமே இல்லை. சண்டை.

மார்ச் 19

காலையில் மூட்டையைக் கட்டினேன். படுத்தபடியே செல்லி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "போயிடாதீங்க அக்கா. அந்தப் புள்ளயத் தூக்கி வெச்சிருந்தது நீங்களும் நானுந்தான். வேற யாருகிட்ட நான் அதப் பத்திப் பேசுவேன்?"

மூட்டையை அவிழ்த்துவிட்டேன்.

மார்ச் 28, ஈஸ்டர்

தனியாகப் பாடினேன். பாதியில் நிறுத்திவிட்டுச் செல்லிக்குக் கஞ்சி வைக்கப் போனேன்.

ஏப்ரல் 21

காய்ச்சல் என்றால் இப்போது என்னைத் தேடி வருகிறார்கள். மிஷன் கம்பவுண்டர் கொயினா அனுப்பி உதவுகிறார். வேதத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வேன். இவர் பாலக்கோட்டில் தனியாக என்ன சாப்பிடுகிறாரோ.

மே 6

மத்தியானம் சாமை புடைத்துக்கொண்டிருந்தேன். யாரோ நின்று நின்று மூச்சு வாங்கியபடி மேடேறி வருவது தெரிந்தது. இவர்தான். தலையில் டிரங்குப் பெட்டி. வாத்தியார் வேலையை விட்டுவிட்டாராம்.

"குரல் கேட்டுதுங்களா?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"இல்ல." பெட்டியை இறக்கி அதன்மேலேயே உட்கார்ந்தார். "நீயாவது கூப்பிடுவேன்னு பாத்தேன். நீயும் கூப்பிடல. அதான் நானா வந்துட்டேன்."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். செல்லி எட்டிப் பார்த்துவிட்டு, களிக்கு இன்னும் கொஞ்சம் மாவு போடப் போனாள்.

என் பெயரை இன்னும் யாரும் வானத்திலிருந்து சொல்லவில்லை. ஒரு தடவை கேட்டால் போதும் என்கிற ஏக்கம் போகவும் இல்லை. சாகிறவரைக்கும் இருக்கும்போல.

நாளைக்கு மேற்கே அடுத்த ஊருக்குப் போக வேண்டும். அங்கே இரண்டு பேர் காய்ச்சலில் கிடக்கிறார்கள். தானும் வரட்டுமா என்கிறார் இவர். பிரசங்கம் பண்ணவா என்று கேட்டேன்.

"மருந்துப் பையத் தூக்கிக்கிட்டு வரேன்" என்றார்.