முன்னால் உட்கார்ந்து சிரித்தவள்

எதிர் வீட்டில் ஒரு பாட்டுப் பெட்டி வாங்கியிருக்கிறார்கள். செங்கல் அளவுதான் இருக்கிறது. மைக் அதோடு சேர்ந்தே வருகிறது, வயரே கிடையாது, பாட்டு போனிலிருந்து வருகிறது. அட்டையைப் பிரித்ததும் அந்த வீட்டு மருமகள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். தெர்மாகோலும் புது ரெக்சினும் சேர்ந்த வாசம், அன்றைக்கு நம் பெட்டியில் அடித்த அதே வாசம், மூக்கில் ஏறியதும் எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. அழுகை வந்திருந்தால் பார்க்கிறவர்களுக்குத் திருப்தியாக இருந்திருக்கும். நீங்கள் கண்ணை மூடி இத்தனை வருஷம் கழித்தும் உங்களை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இதை எழுதுகிறேன்.

உங்கள் வேலை வெடி போட்டுப் பார்ப்பது. விஸ்வநத்தம் பக்கத்துக் கம்பெனியில் லோடு கிளம்பும் முன் சரக்கில் கொஞ்சம் எடுத்து, பின்பக்கப் பொட்டலில் கொளுத்தி, சத்தம் தேறுமா தேறாதா என்று சொல்ல வேண்டும். தெருவில் மற்ற ஆம்பளைகள் வெடிமருந்துப் பொடி அப்பிய உடம்போடு வருவார்கள். நீங்கள் மட்டும் சட்டை கசங்காமல் வருவீர்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. நல்ல வெடிக்கு என்ன அடையாளம் என்று கேட்டால், "நெஞ்சுல அடிக்கணும், காதுல அடிக்கது ஊசி வெடி" என்பீர்கள். சீசனில் காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை அதுதான் வேலை. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னால், பஞ்சு வைத்தால் தரம் எப்படித் தெரியும் என்பீர்கள்.

கல்யாணத்துக்கு முன்பே நீங்கள் பாடுகிறவர். பங்குனிப் பொங்கலுக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்டினால், சாமி கும்பிட்டு முடிந்ததும் மைக் தானாக உங்கள் கைக்கு வந்துவிடும். பொய் சொல்ல மாட்டேன், நல்ல குரல். என் வீட்டில் உங்கள் சம்பளத்தைக்கூட யாரும் சரியாக விசாரிக்கவில்லை, பாடுகிற மாப்பிள்ளை என்றே முடித்துவிட்டார்கள். பிறகு காது மெல்லப் போனது. மெல்லப் போனதால் ஒருவருக்கும் தெரியவில்லை. நான் கூப்பிட்டால் திரும்ப மாட்டீர்கள். எந்த வீட்டில் ஆம்பளை பெண்டாட்டி கூப்பிட்டவுடன் திரும்பினான்? நீங்களும் அப்படித்தான் என்று நினைத்து, என் பங்குக்கு நானும் பாத்திரத்தைப் போட்டு உருட்டிக் கோபத்தைக் காட்டினேன். அது உங்கள் காதில் விழுந்தே இருக்காது.

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்த நேரம். அரசாங்கம் கொடுத்த கலர் டி.வி. வீட்டுக்கு வந்திருந்தது. தீபாவளி போனஸில் அவளுக்குத் தோடு எடுத்தது போக மிஞ்சியதில், வீட்டிலேயே மைக் பிடித்துப் பாடுகிற செட் வாங்கியே தீர வேண்டும் என்று நின்றீர்கள். கரோக்கி என்று ஒன்று இருப்பதை உங்கள் தம்பிதான் சொல்லிக் கொடுத்தான். பாடினவர் குரலை எடுத்துவிட்டு மேளதாளம் மட்டும் வரும். டி.வி.யில் பாட்டின் எழுத்துகள் ஓடும். பாட வேண்டிய எழுத்து நிறம் மாறும். உங்கள் தம்பி அச்சாபீஸில் மிஷின் ஓட்டுகிறவன், வாயைத் திறந்தால் கேலிதான். "எங்க அண்ணன் பாடுனா ஊரே கேக்கும் மதினி" என்றான். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் சிவகாசியில் பார்த்தோம். ஒரு பெரிய பெட்டியும் ஐந்து குட்டிப் பெட்டியுமாக வருகிற கம்பெனி செட் நம் கைக்காசுக்குள் அடங்கியது. எலிப்பொறிகளை வரிசையாக வைத்தது போல இருக்கிறதென்று சொல்லி வெளியே வந்துவிட்டீர்கள். அப்புறம் விருதுநகர் போனோம். அங்கே ஒரு கடையில் ஆம்ப்ளிஃபயரும் பெட்டிகளும் அவர்களே சேர்த்துக் கட்டிக் கொடுப்பார்கள். கடைக்காரர் நல்ல வியாபாரி. உங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"பாட்டுக் கேக்கவா, பாடவாண்ணே? கேக்கதுன்னா இடி கொடுக்கிற ஊஃபர் பெருசா போடலாம். பாடணும்னா நல்ல மைக்கும், குரல் எடுப்பா வர்ற பெட்டியும்தான் முக்கியம். உங்க காசுக்கு ரெண்டும் சேத்து நடக்காது."

நீங்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டினீர்கள். ஒரு சொல்லும் விழவில்லை என்று எனக்குத் தெரியாது. ஒப்புக்கொண்டீர்கள் என்று நினைத்தேன். அப்புறம் கடையில் இருந்ததிலேயே பெரிய ஊஃபர் பெட்டியைப் போடச் சொன்னீர்கள். சத்தத்தை ஏற்றச் சொன்னீர்கள். இன்னும் ஏற்றச் சொன்னீர்கள். பொட்டலில் வெடி கொளுத்திவிட்டுப் பின்னால் நகர்கிற மாதிரியே கடை வாசல் வரை நகர்ந்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றீர்கள். அது 'திம்' என்று அடித்ததும் உங்கள் முகம் மலர்ந்தது. இதுதான் என்றீர்கள். வெடிக்குப் பார்க்கிற மாதிரி பாட்டுப் பெட்டிக்கும் தரம் பார்க்கிற ஆள் இந்த வட்டாரத்தில்தான் இருப்பார். இருந்த காசெல்லாம் ஊஃபருக்குப் போனது. மைக் டி.வி.டி. பிளேயரோடு சும்மா கொடுக்கிற பிளாஸ்டிக் மைக்தான்.

கடைக்காரருக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, குரல் வருகிற சின்ன ஸ்பீக்கரின் வயரை உங்களுக்குத் தெரியாமல் பிடுங்கினார். பாட்டில் குரலே போய்விட்டது. வெறும் இடி மட்டும் இடித்தது. "இப்ப எப்படிண்ணே?" என்று கை காட்டிக் கேட்டார். "இப்பத்தான் தெளிவா இருக்கு" என்றீர்கள். கடையே சிரித்தது. நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். வேடிக்கை போதும், சரக்கைக் கட்டுங்கள் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, நான் உங்களைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும் பஸ்ஸில் உங்களுக்குப் பின் சீட்டில் இருந்துகொண்டு உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அதுவரை ஒரு நாளும் வாயால் சொல்லாத பெயர். பக்கத்தில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள், நடத்துனர் திரும்பிப் பார்த்தார், நீங்கள் மடியில் இருந்த மைக் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். அன்றைக்குப் பிடித்தது எனக்கு அந்தக் கவலை. இந்த மனுஷனைப் பார்த்து ஊர் சிரிக்கக் கூடாது. மற்றது எதுவானாலும் தாங்கிக்கொள்ளலாம்.

ஊர் சிரித்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்தால் தெருவே நம் வீட்டில்தான். ஊஃபர் அடித்த அடியில் அலமாரியில் டம்ளர்கள் நகர்ந்தன. நீங்கள் டி.வி.யில் எழுத்து நிறம் மாறுவதைக் கண்ணால் பிடித்துப் பாடினீர்கள். வார்த்தை ஒன்றும் தப்பாது. ராகம்தான் எங்கேயோ சாத்தூர்ப் பக்கம் போய்க்கொண்டிருக்கும். சின்ன வயதில் உங்களுக்கு இருந்த குரலா இது என்று எனக்கு வயிறு எரியும். "அண்ணே, இன்னொண்ணு" என்று உங்கள் தம்பி கையைத் தட்டுவான். நான் அடுப்படியிலேயே நிற்பேன்.

மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்க வந்த அன்றைக்கும் அவன் விடவில்லை. தட்டு மாற்றி, காப்பி குடித்து முடித்த பிறகு, சம்பந்தி உங்கள் பாட்டைக் கேட்க ஆசைப்படுகிறார் என்று மைக்கைக் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்தான். நீங்கள் மெதுவான பாட்டு ஒன்றைப் போடச் சொன்னீர்கள். பாதியில் அவன் ஆம்ப்ளிஃபயரின் திருகை ரேடியோவுக்குத் திருப்பிவிட்டான். டி.வி.யில் உங்கள் பாட்டு எழுத்து ஓடுகிறது. பெட்டியில் ரேடியோக்காரன் போட்ட குத்துப்பாட்டு அடிக்கிறது. ஊஃபர் இடி மட்டும்தான் உங்களுக்கு எட்டும். எந்தப் பாட்டின் இடி என்று எப்படித் தெரியும்? கண்ணை எடுக்காமல் உருகி உருகிப் பாடினீர்கள். சம்பந்தியம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். ஆம்பளைகள் சுவரில் சாய்ந்து குலுங்கினார்கள். நம் மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நீங்கள் சிரித்த முகங்களைப் பார்த்து, இன்னும் சத்தமாகப் பாடினீர்கள்.

நான் போய் பிளக்கைப் பிடுங்கினேன். டி.வி.யும் அணைந்தது. காப்பி தீர்ந்துவிட்டது, நேரமாகிறது, கிளம்புங்கள் என்று சம்பந்திகளிடமே சொன்னேன். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் கல்யாணத்தை நடத்தியது அவர்கள் நல்ல குணம்.

அவர்கள் போனதும் கொல்லைப்புறத்துக்கு உங்களை இழுத்துக்கொண்டு போனேன். தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"உங்களுக்குக் காது கேக்கல. நீங்க பாடுறதப் பார்த்து எல்லாரும் சிரிக்கிறாக."

நீங்கள் என் உதட்டையே பார்த்துவிட்டு, "தெரியும்" என்றீர்கள். "காதுதான போச்சு. கண்ணு இருக்குல்ல."

"தெரிஞ்சா பாடுனீக?"

"மத்த நேரம் எவனும் எம் மூஞ்சியப் பார்த்துப் பேச மாட்டேங்கான். நீயும் அடுப்பப் பார்த்துத்தான் பேசுற. பாடும்போதுதான் அம்புட்டுப் பேரும் எம்பக்கம் திரும்புறாக. சிரிச்சுட்டுப் போறாக."

சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டீர்கள். எனக்கு உங்களை அடிக்க வேண்டும் போல இருந்தது. இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அடுப்பை விட்டுத் திரும்பியிருப்பேனே. காது போனதைச் சொன்னால் கம்பெனி வேலை போய்விடும் என்று பயந்தீர்களா, இல்லை என்னிடம் சொல்லவே தோன்றவில்லையா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. நான் பிளக்கைப் பிடுங்கியது தெருவெல்லாம் தெரிந்திருந்தது. நீங்கள் சட்டை மாற்றிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தீர்கள். போகிறவர் வருகிறவர் நான் இருக்கிறேனா என்று எட்டிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்கள். உங்களை ஒருவரும் பார்க்கவில்லை. வெயில் இறங்குகிற நேரத்தில் உங்கள் தம்பி சைக்கிளில் போனான். நீங்கள் எழுந்து ஓடிப் போய் அவன் ஹேண்டில்பாரைப் பிடித்தீர்கள்.

"வாலே. பாடுறேன், வந்து சிரிங்க."

அவன் முகம் செத்துப்போனது. உங்களுக்குத் தெரியும் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. வேலை இருக்கிறது என்று ஏதோ முனகினான். நான் வாசலுக்கு வந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி எல்லாரையும் கூப்பிட்டேன். உள்ளே போய் பிளக்கைச் செருகினேன். பாயை விரித்து, டி.வி.க்குப் பக்கத்தில், நீங்கள் எழுத்தைப் பார்க்கும்போதே என் முகமும் தெரிகிற இடத்தில் உட்கார்ந்தேன். நீங்கள் முதல் அடியைக் கோட்டை விட்டதும் எல்லாருக்கும் முன்னால் சிரித்தேன்.

முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம் நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு கேவலமாகப் பாடினீர்கள். நான் சிரிக்கச் சிரிக்க உங்களுக்கும் சிரிப்பு வந்து, மைக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். தெருவில் ஆள் குறைந்து, கடைசியில் பல ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேர் மட்டும்தான். தீப்பெட்டி ஆபீஸில் என்னோடு வேலை செய்கிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கொண்டவனைக் கேலி செய்து பிழைக்கிறவள் என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். அவளுக்கு நான் தீக்குச்சியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன், முகத்தைக் காட்டவில்லை.

நெஞ்சு வலி வந்து நீங்கள் ஒரே நாளில் போய்விட்டீர்கள். தூக்கும் முன் உங்கள் தம்பி உங்கள் காலில் விழுந்து அழுதான். உண்மையான அழுகைதான், அதில் குறை சொல்ல மாட்டேன். அழுதுகொண்டே எழுந்து, கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் என்னைக் கை காட்டினான்.

"எங்க அண்ணனப் பார்த்து நாங்க சிரிச்சது கொஞ்சம். இந்தா, மதினி சிரிச்சதுதான் அதிகம்."

ஒருவரும் அவனைத் தடுக்கவில்லை. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ரேடியோவைத் திருப்பியவன் நீதானே என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால், நீங்கள் கொல்லைப்புறத்தில் என்னிடம் சொன்னதையும் சேர்த்துச் சொல்ல வேண்டி வரும். ஆள் முகம் பார்க்க ஏங்கிக் கிடந்தார் என்று உங்களைப் பற்றி அவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். சிரித்தவர்கள் வாயால் உங்களுக்கு அந்த இரக்கம் வேண்டாம் என்று விழுங்கிவிட்டேன்.

அந்தப் பேரைத்தான் இன்றைக்கு வரை வைத்துக்கொண்டிருக்கிறேன். மகளுக்குக்கூட விளக்கம் சொல்லவில்லை. அவளும் கேட்டதில்லை, அவளும் என்னை அப்படித்தான் நினைக்கிறாள். புருஷனைப் பார்த்துச் சிரித்தவள் வீடு எது என்று கேட்டால் இந்தத் தெருவில் யாரானாலும் நம் வீட்டைக் காட்டுவார்கள். காட்டட்டும்.