காரிமலையிலிருந்து திரும்பாத குடங்கள்

மங்கலம் உண்டாகுக. மழையும் மருந்தும் தப்பாது சேர்க.

செங்கழுநாடு ஆளும் கண்டீரவேள் திருவடி நிழலில் இருபத்தெட்டு ஆண்டாய் மருந்துப் பண்டாரம் காக்கும் கூத்தன் நல்லுடையான், காரிமலை ஆதுலசாலையில் பிணி தீர்த்தருளும் மருத்துவச்சி அரையன் பொன்னாளியாருக்கு வணங்கி விடுக்கும் ஓலை. மலையும் சுனையும் சாலையில் பிணியாய்ப் படுத்திருப்போரும் நலமென்று நம்புகிறேன் என எழுதுவது மரபு. இம்முறை கை வரவில்லை.

நம் பண்டாரத்து முறை தாங்கள் அறிந்ததே. பொதிமாட்டில் எத்தனை வெறுங்குடம் திரும்புகிறதோ, அத்தனை குடம் சூரணம் நிரப்பி அனுப்புவோம். இக்கார்காலத்தில் இரண்டு திங்களாய்க் காரிமலையிலிருந்து ஒரு குடமும் திரும்பவில்லை. மருந்து தீரவில்லை போலும் என்று எண்ணினேன். எண்ணியதோடு நின்றிருந்தால் மடையன் என்ற பேரோடு போயிருக்கும். காரிமலை எப்படி என்று அரசர் அவையில் கேட்டருள, அடியேன் முகத்தில் ஒரு சுருக்கமும் அசையாமல், குளிர்காய்ச்சல் அம்மலையில் ஏறிப் பார்த்துப் பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்து வந்த வழியே இறங்கிப் போனதென்றும், மருத்துவச்சியார் வேலையின்றி முற்றத்தில் பூசணி போட்டிருக்கிறார் என்றும், காய்த்ததில் ஒன்றைக் கீழே இறக்க யானை கேட்டு எழுதியிருக்கிறார் என்றும் விண்ணப்பித்தேன். அவை குலுங்கிச் சிரித்தது. அரசரும் சிரித்து, காரிமலைப் பங்கான முப்பது குடத்தையும் எல்லைப் பாசறைக்குத் திருப்பச் சொன்னார். அந்த ஆணையை எழுதியதும் இதே கைதான்.

நேற்று உச்சிப்பொழுதில் தங்கள் ஆள் முள்ளன் வந்தான். சாலையில் சூரணம் தீர்ந்து ஒரு திங்களாயிற்று என்றும், படுத்திருப்போர் நாற்பத்தொருவர் என்றும், அவர்கள் தண்ணீர் குடிக்க வேறு கலம் இல்லாமையால் வெறுங்குடங்களைத் தலைமாட்டில் வைத்தீர்கள் என்றும், மூவர் இறந்தனர் என்றும் சொன்னான். காய்ச்சல்காரன் தலைமாட்டுக் குடத்தைப் பிடுங்கி அனுப்பினால்தான் மருந்து வரும் என்னும் முறையை வகுத்தவன் நான். ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "ஏன் பெரியவரே, நீங்க குடத்தைத்தான் எண்ணுவீங்களா? ஆளை எண்ண மாட்டீங்களா?"

பாசறைக்குப் போன குடங்கள் திரும்ப ஒன்பது நாளாகும். ஆகவே அரண்மனைக்கென்று காத்து வைத்த பன்னிரண்டு குடங்களின் முத்திரையை, அரசரைக் கேளாமல் உடைத்து, இன்றே முள்ளனோடு ஆறு மாடுகளில் ஏற்றினேன். தண்ணீருக்கு ஐம்பது செப்புக் கலமும் வருகின்றன. இனி எந்த ஆதுலசாலையும் வெறுங்குடம் திருப்ப வேண்டா. படுத்திருப்போர் தொகையை எழுதினால் போதும். இது ஆணை.

இனி எழுதுவது ஆணையன்று, வேண்டுகோள். இறந்த மூவரின் பேரையும் ஊரையும் எழுதி முள்ளன் வசம் அனுப்பியருள்க. முத்திரை உடைத்த குற்றத்துக்கு என்னை அவையில் நிறுத்துவார்கள். காரிமலை எப்படி என்று அரசர் மறுபடியும் கேட்பார். எல்லோரும் சிரிக்க ஆயத்தமாய் இருப்பார்கள். அப்போது அந்த மூன்று பேர்களையும் படிப்பேன்.

பண்டார முத்திரை இட்டேன். இவை கூத்தன் நல்லுடையான் எழுத்து.