நற்கருணைப் படகில் எனக்கும் ஓர் இடம்

அன்புள்ள அம்மாவுக்கு,

போஷேனாவின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா இருமல் மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாரா? நான் சுகம்.

நேற்று நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை! ஹால்ஸ்டாட்டில் நற்கருணைப் பவனி ஏரியில் படகுகளில்தான் போகும். இங்கே வேலைக்கு வந்த ஆறு வருஷமாக அதை விடுதிச் சமையலறை ஜன்னலிலிருந்தே பார்த்தேன். இந்த முறை முதலாளி ரோஸ்விதா அக்காவுக்குக் கால் சுளுக்கு. தன் திருவிழா உடையையும் படகில் தன் இடத்தையும் எனக்கே கொடுத்துவிட்டார்!

படித்துறையில் எள் போட்டால் எள் விழாத சுற்றுலாக் கூட்டம். வாடகைப் படகென்று நினைத்து ஒரு தம்பதி எங்கள் படகில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் என் ஒரு கால் ஏரிக்குள் போனது. முழங்கால் வரைதான், பயப்படாதீர்கள்.

படகோட்டி லியோபோல்ட் அவர்களைப் பார்த்து, "ஏறினது ஏறிட்டீங்க. பாதிரியார் இறங்குற வரைக்கும் யாரும் இறங்க முடியாது. மரியாதையா ஜெபம் சொல்லுங்க!" என்றார். பாவம், கைகூப்பிச் சொன்னார்கள்!

கரையெல்லாம் கேமராக்கள். "உள்ளூரம்மா, இந்தப் பக்கம் பாருங்க!" என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

"அடியே, சிரிச்சிடாதே! அப்புறம் விடவே மாட்டாங்க!" என்று ஜன்னலிலிருந்து கத்தினார் ரோஸ்விதா அக்கா. நான் நன்றாகவே சிரித்தேன்.

உங்கள் கையால் பின்னிய கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். பழையது என்றாலும் சரி. ரொட்டி மாவு பொங்கிவிட்டது, ஓடுகிறேன்.

அத்தனை பேர் படம் எடுத்தார்கள், அம்மா. உங்களுக்கு அனுப்ப என்னிடம் ஒன்றுகூட இல்லை.

போஷேனா